பிறமொழிச் சொல்லும் மன்னார்க் கரையும்



மன்னார்த் தீவின் வடகரையில் அமைந்த பேசாலையிலே, ஈழத்தின் பிற ஊர்களிற்போலவே, மக்கள் கதிரையில் அமர்கின்றனர், யன்னலைத் திறக்கின்றனர், காலையிற் பாண் உண்கின்றனர், துவாயால் முகம் துடைக்கின்றனர், காலிற் சப்பாத்து அணிகின்றனர். இந்த ஐந்து சொற்களும் போர்த்துக்கேய மொழி நமக்கு விட்டுச்சென்றவை. இவற்றை நம் முன்னோர் எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் மனனம் செய்யவில்லை. பொருளைக் கண்டனர், பெயரைக் கேட்டனர், இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டனர்.

ஆனால், பிறமொழியில் நூல் வாசித்தலும் எண்ணிறந்த சொற்களைப் பழகுதலும் இத்துணை எளிதில் வருவன அல்ல. இன்று ஆங்கிலப் பாடத்தின் முன் அமர்ந்திருக்கும் பேசாலை மாணவனும், அதே பாடத்தின் முன் அமர்ந்திருக்கும் சீனமொழி பேசும் மாணவனும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றே. சொல்லின் பொருளை எழுதிவைத்து உருப்போட்டால் மொழி வந்துவிடுமா என்பதே இருவர்க்கும் உள்ள ஐயம். இந்த ஐயத்துக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மன்னார்க் குடாக்கடலின் இரு கரைகளிலும் பதினாறாம் நூற்றாண்டிலே நிகழ்ந்தவற்றை நோக்கினாற் போதும்.

1542ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூரார் சிலரைக் கூட்டி, செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை ஒலிமாத்திரமாய் உருப்போட்டு மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த வாசகங்களில் ஒரு பிழை புகுந்திருந்தது. ‘நான் நம்புகிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று அமைந்துவிட்டது. வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல். விசுவாசம் என்பதே அங்கு நிற்கவேண்டிய சொல். 1544இலே சவேரியார் இதனை உணர்ந்து, உடன் உழைத்த மன்சில்லாசு என்பவருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார். அதற்குள் அந்த வாசகம் எத்தனையோ சிறுவர் வாயில் ஏறிவிட்டது.

ஒரு சொற்றானே என்று நாம் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. அதே 1544ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, மன்னார்த் தீவின் பட்டிம் என்னும் ஊரில், புதிதாகச் சமயம் மாறிய அறுநூற்றுக்கு மேற்பட்டோர் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் ஆணையால் உயிரிழந்தனர் என்பது வரலாறு. வாயாற் சொன்ன வாசகத்துக்கு உயிரையே விலையாகக் கொடுக்கும் காலமாய் அது இருந்தது. அத்தகைய காலத்தில், சொல்லும் சொல்லின் பொருளைச் சொல்பவர் அறிந்திருத்தல் கல்வியழகு மட்டுமன்று. கற்பிப்போர் மேல் விழுந்த பெருங்கடமையுமாகும்.

அக்கடமையை உணர்ந்து உழைத்தவர் என்றிக்கே என்றிக்கஸ் என்பார். தமிழர் அவரை அண்டிறிக்கு அடிகளார் என்றனர். போர்த்துக்கலில் விலா விசோசா என்னும் ஊரிற் பிறந்த அவர், 1546இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார். தொடக்கத்தில் அவர் கற்ற தமிழ்ச் சொற்கள் மனத்தில் தங்கவில்லை. கற்பதும் மறப்பதுமாகக் காலம் சென்றது. பின்னர் வேறொரு வழியை மேற்கொண்டார். இலத்தீன் இலக்கணத்திற் செய்வது போலவே, தமிழ் வினை இறந்தகாலத்தில் எவ்வாறு திரிகின்றது, எதிர்காலத்தில் எவ்வாறு திரிகின்றது, பெயர் எவ்வெவ்வாறு வேற்றுமை ஏற்கின்றது, வாக்கியத்தில் முன்னே வருவது பெயரா வினையா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். இரவும் பகலுமாய் ஏறக்குறைய ஐந்து மாதம் உழைத்தபின், மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசலானார் என்று 1548இல் அவர் எழுதிய கடிதத்தால் அறிகின்றோம்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அவரை நிலைபெறச் செய்தது சொற்பட்டியல் அன்று. சொல் வாக்கியத்தில் நிற்கும் முறையை அறிந்தமையே. ‘வந்தேன், வருகிறேன், வருவேன்’ என்ற மூன்றையும் மூன்று சொற்களாக உருப்போடுபவனுக்குச் சுமை மூன்று. அவை ஒரே வினையின் மூன்று காலம் என்று கண்டவனுக்குச் சுமை ஒன்று. அதனோடு நூறு வினைகளைத் திறக்கும் திறவுகோலும் அவன் கைக்கு வந்துவிடுகின்றது. அவர் எழுதிய தமிழிலக்கணத்தின் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பன் நகரத் தேசிய நூலகத்தில் உள்ளது.

அடிகளாரும் அவருடன் உழைத்தோரும் இன்னொரு விதியையும் வகுத்துக்கொண்டனர். தமக்குள் தமிழிலேயே உரையாட வேண்டும். தவறிப் பிறமொழி பேசினவர் அதற்குரிய தண்டத்தை ஏற்கவேண்டும் என்பதே அவ்விதி. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபோது, புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். அடிகளாரும் அவர்களோடு வந்து சில ஆண்டு இத்தீவில் வாழ்ந்தார். பிற்காலத்தில், 1578ஆம் ஆண்டு கொல்லத்தில், தமிழெழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ அவர் உழைப்பால் வெளிவந்தது. அது பதினாறே பக்கங்கள் கொண்ட சிறுநூல்.

அந்த 1578ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான மிக்கேல் ருச்சியேரி என்பவர் இந்தியாவுக்கு வந்து தமிழ் பயின்றார். சில மாதங்களிலேயே மக்கள் பேச்சை உணருமளவு அவர் தேறினார். இவ்வாறு மொழி கற்கும் ஆற்றல் வெளிப்பட்டதால், 1579இல் அவரைச் சீனத்தின் வாயிலாகிய மக்காவு நகருக்கு அனுப்பினர். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் ஓவியர். ஆசிரியருக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மாணவருக்குச் சீனம் தெரியாது. ஆகவே ஆசிரியர் ஒரு குதிரையை வரைந்து, அதன்மேல் குதிரையைக் குறிக்கும் சீன எழுத்தை எழுதி, ‘மா’ என்று ஒலித்துக் காட்டினார். கண் பொருளைக் கண்டது; காது ஒலியைக் கேட்டது; கை எழுத்தைப் பழகியது. பின்னர் ருச்சியேரியும் மத்தேயு ரிச்சியும் போர்த்துக்கேய-சீனச் சொற்றொகை ஒன்றை ஆக்கினர். தமிழில் தேர்ந்த மாணவர் ஒருவர் சீன அகராதிக்கு வழிகோலியது நாம் நினைந்து மகிழத்தக்கது.

காலம் திரும்பியது. மேனாட்டார் கீழ்த்திசை மொழிகளைக் கற்றது போக, கீழ்த்திசை மாணவர் ஆங்கிலம் கற்கும் காலம் வந்தது. சீன வணிகர் ஆங்கிலச் சொல்லின் ஒலியைச் சீன எழுத்துக்களாலேயே குறித்துவைத்து உருப்போட்டனர். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஓரசையைக் குறிப்பது. மெய்யெழுத்துக்கள் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல் அதில் அடங்காது. எனவே இடையிடையே இல்லாத உயிரொலிகள் புகுந்தன. நாம் ஸ்கூல் என்பதை இஸ்கூல் என்று ஒலிப்பதும் இந்த வகையினதே. கன்டன் மொழி பேசிய தாங் திங்ஷு என்பார், ஹாங்காங்கில் ஆங்கிலப் பள்ளியிற் கற்றுத் தேர்ந்தபின், 1862இல் தம் நாட்டாருக்காக ஆறு தொகுதிகளில் ஓர் ஆங்கிலச் சொற்பாடநூலை வெளியிட்டார்.

அதே 1862இல் சென்னையில் வின்சிலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் வெளிவந்தது. அதன் வித்து யாழ்ப்பாணத்தில் யோசேப்பு நைற் என்பார் தொடங்கிய தொகுப்பாகும். தமிழ்ப் புலவர்கள் பலருடைய உதவியின்றி அது நிறைவெய்தியிராது. 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் அருகருகே கற்பிக்கப்பட்டமையால், இருமொழியையும் ஒருங்கே எடைபோடவல்ல தலைமுறையொன்று இந்நாட்டில் உருவாயிற்று. தன்மொழியைத் திருத்தமாக அறிந்தவனே பிறமொழிச் சொல்லின் எல்லையை அளந்தறிவான் என்பதற்கு அத்தலைமுறையே சான்று.

இவற்றால் நாம் பெறும் தெளிவு யாது? ஒலியை மட்டும் உருப்போட்டதால் விசுவாசம் நிற்கவேண்டிய இடத்தில் வேணும் நின்றது. வாக்கிய அமைப்பை அறிந்து, அம்மொழிக்கு உரியவரிடம் நாடோறும் பேசித் திருத்தம் பெற்றதால் பிறநாட்டார் ஒருவர் தமிழில் நூல் செய்தார். பிழை நேர்வது இழுக்கன்று. நூற்றுக்கணக்கானோர் மனனம் செய்த வாசகமாயினும், பிழை எனக் கண்டபோது மாற்றத் துணிந்ததே அவர்களுடைய பெருமை.

ஆகவே, ஆங்கிலம் பயிலும் இளைஞர்க்கு வரலாறு சொல்லும் வழி இதுவாகும். நாளொன்றுக்கு ஐம்பது சொற்களை எழுதி மறப்பதிலும், ஒரு சிறு பகுதியை வாய்விட்டு வாசித்து, அதில் வரும் ஐந்து சொற்களை அவை நிற்கும் வாக்கியத்தோடு கொள்ளுதல் நன்று. அவ்வைந்தையும் அன்றே சொந்த வாக்கியத்தில் அமைத்து, அறிந்தவர் ஒருவர் காதிற் கேட்கச் சொல்லுதல் அதனினும் நன்று. அண்டிறிக்கு அடிகளாருக்குத் தமிழ் கற்பித்த முத்துக்குளித்துறை மக்கள் பலரின் பெயரை ஏடுகள் கூறவில்லை. அவர்கள் பண்டிதரல்லர், கடலை நம்பி வாழ்ந்தவர். எனினும், தங்கள் மொழியைத் தவறாக ஒலித்த அயலாரை எள்ளி நகையாடாது, பொறுமையோடு திருத்தினர். அந்தப் பொறுமை கற்பிப்போரிடம் இருந்தால், பிழைக்கு அஞ்சாது வாய்திறக்கும் துணிவு கற்போரிடம் தானே வரும்.