தீவுப் பையனின் மெட்டு

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை விதைப்புக் காலம் நெருங்கினால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். விதைக்காக மல்லாட்டை உடைக்கிற வேலை. கை வேலை செய்யும். வாய் ஊர் வம்பு பேசும். என் அம்மா அதிகம் பேசமாட்டாள். ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். 1993க்குப் பிறகு அவள் முணுமுணுத்தது கூத்துப் பாட்டுமல்ல, சினிமாப் பாட்டுமல்ல. அது ஜப்பானில் பிறந்த மெட்டு. அந்தச் சமாசாரம் அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

பெங்களூரில் வேலை பார்த்துவந்த மாமா அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு டி.வி. கேம் பெட்டி வாங்கிவந்தார். கேசட்டைச் செருகுமுன் அதன் வாயில் ஊதவேண்டும் என்பது எங்கள் சாஸ்திரம். ஊதிச் செருகினால் இடுப்பில் தழை கட்டிய ஒருவன் தோன்றி வலப்பக்கமாக ஓடுவான். நத்தை வந்தால் கல் கோடரியை வீசுவான். வழியில் பழம் தின்னாவிட்டால் அவன் உயிர் குறைந்துகொண்டே வரும். அவன் ஓடுகிறமட்டும் ஒரே மெட்டுத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். "இன்னாடா இது, சாவறான், பொறக்கறான், மறுபடி சாவறான்!" என்பாள் அம்மா. ஆனால் மெட்டு மட்டும் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தீவுப் பையனின் பூர்வோத்தரம் விசித்திரமானது. 1986ல் அவன் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் பிறந்தான். அப்போது அவன் பெயர் 'வொண்டர் பாய்'. ஆட்டத்தை உண்டாக்கியது எஸ்கேப் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம். பிற்பாடு வெஸ்டோன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெளியிட்டது சேகா. பையனும் அவன் பெயரும் சேகாவுக்குச் சொந்தம்; ஆட்டமோ உண்டாக்கியவர்களுக்கே சொந்தம். இந்த விநோதமான பாகப்பிரிவினையால்தான் கதை கிளை விட்டது. அதே வருஷம் செப்டம்பரில் ஹட்ஸன் நிறுவனம் ஆட்டத்தை நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' பெட்டிக்குக் கொண்டுபோயிற்று. பையனைக் கொண்டுபோக முடியாதே! ஆகவே தங்களிடம் வேலை பார்த்த தகஹாஷி என்பவரையே கதாநாயகனாக்கிவிட்டார்கள். வினாடிக்கு 16 தடவை பொத்தானை அழுத்துகிறவர் என்று ஜப்பானியப் பிள்ளைகளிடம் பிரக்யாதி பெற்றவர் அவர். அமெரிக்கா போனபோது அவரே 'மாஸ்டர் ஹிக்கின்ஸ்' ஆனார். காடு அதே காடு. நத்தை அதே நத்தை. தலை மாறிற்று, கூடவே பாட்டும் மாறிற்று. ஜுன் சிக்குமா என்ற பெண்மணி புது மெட்டுகள் போட்டார். நாங்கள் கேட்டது அவருடையதைத்தான்.

எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. தபசு மரம் ஏறுகிற அர்ஜுனன் ஒருவனே; வாத்தியாருக்கு வாத்தியார் பாட்டு வேறு. அடுத்து 1987ல் வந்த 'மான்ஸ்டர் லாண்ட்' வாளும் டிராகனுமாக முழு மாயாஜாலக் கதையாயிற்று. ஷினிச்சி சகமோட்டோவின் இசை. பிரேஸிலில் 1991ல் அந்த வீரனையும் எடுத்துவிட்டு, அந்நாட்டுச் சித்திரக்கதைச் சிறுமியான மோனிகாவை நிறுத்தினார்கள்.

சங்கீதத்துக்கு வருகிறேன். ஃபேமிகாமின் சில்லுக்கு ஐந்தே குரல்கள். இரண்டு மெட்டைப் பாடும். ஒன்று கீழே நின்று தாங்கும். ஒன்று வெறும் இரைச்சல், அதை வைத்துத்தான் தாளம். ஐந்தாவது, பதிவு செய்த சிறு ஒலித் துணுக்குக்கு. இரண்டு நாயனம், ஒரு ஒத்து, ஒரு தவில் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மார்கழி விடியலில் அதைக்கொண்டே ஊரை எழுப்பிவிடவில்லையா?

அம்மா 2011ல் காலமானாள். பல வருஷங்களுக்குப் பிறகு என் மகள் அலைபேசியில் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்து, "அப்பா, இதுதானே?" என்று நீட்டினாள். அதுதான், ஆனால் அதுவல்ல. ஸ்வரங்கள் சரியாக இருந்தன, யாரோ துரத்துவதுபோல மெட்டு ஓடிற்று. அம்மா முணுமுணுத்தது நிதானமானது. அவள்தான் மல்லாட்டை உடைக்கிற கைக்குத் தோதாக இழுத்துப் பாடினாள்போலும் என்று நினைத்தேன். நினைவு மனுஷனை ஏமாற்றும் என்று ஒரு வியாசம்கூட எழுத ஆரம்பித்தேன். நல்லவேளை, முடிக்கவில்லை.

விஷயம் வேறு. ஜப்பானிய டெலிவிஷனில் படம் வினாடிக்குச் சுமார் 60 தடவை புதுப்பிக்கப்படும். நம் நாட்டில் 50 தடவை. இந்த ஆட்டங்களில் அடுத்த ஸ்வரம் எப்போது விழவேண்டும் என்பது அந்தக் கணக்கையே பற்றி நடக்கும். நம்மைப் போன்ற நாடுகளின் டெலிவிஷனுக்கென்று செய்த நகல் பெட்டிகளில் ஸ்ருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும், காலப்பிரமாணம் மட்டும் தளரும். அங்கே ஒரு நிமிஷத்தில் முடிகிற பாட்டு இங்கே ஒரு நிமிஷம் 12 வினாடி. போதாததற்குச் சில நகல் சில்லுகளில் குரலின் கனமும் மாறிப்போகும். சிக்குமா அம்மையார் போட்ட வேகத்தில் நாங்கள் அதை ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா இம்மிகூடத் தப்பாகப் பாடவில்லை.

2017ல் இந்த வம்சத்து ஆட்டமொன்றை, 1989ல் வந்த 'டிராகன்ஸ் டிராப்'பை, லிஸார்ட்க்யூப் என்ற பிரெஞ்சுக்காரர்கள் புதுப்பித்து வெளியிட்டார்கள். பொத்தானைத் தட்டினால் புது இசை போய்ப் பழைய இசை வரும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பழசுக்குத்தான் அதில் பொத்தான் கிடையாது.

போன தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மகளிடம் அலைபேசியைக் கொடுத்து அந்த மெட்டின் வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். ஆறில் ஒரு பங்கு குறைத்தாள். இரண்டாம் சுற்று ஆரம்பிக்கும்போது அக்கா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இது அம்மா பாட்டாச்சேடா!" என்றாள்.