சூளைமேட்டில் சூளை இல்லை: செங்கல் வெந்த கதை

சென்னையில் சூளைமேடு என்று ஒரு பகுதி இருக்கிறது. வேப்பேரிக்குப் பக்கத்தில் சூளை என்றே ஒரு பகுதி இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதன் பொருளை யோசித்திருப்பார்கள்? ஒரு காலத்தில் அங்கே செங்கல் சூளைகள் எரிந்தன. நகரம் வளர வளர, அந்த நகரத்துக்கே கல் கொடுத்த சூளைகள் வெளியே தள்ளப்பட்டன. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மயிலாப்பூரில் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது நின்று பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். மேல்தளம் கான்கிரீட்டாக இருக்காது. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சின்னச் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லி, அதன் மேல் தட்டு ஓடு. இதுதான் உலகம் முழுக்கக் கட்டடக்கலைப் புத்தகங்களில் பேசப்படும் 'மெட்ராஸ் டெரஸ்'. நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் உருவானபோதும், பிறகு அடையாறு காந்தி நகர் எழுந்தபோதும், சுவர் செங்கல்தான். ஆனால் அந்தச் செங்கலை வேகவைத்த அடுப்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த அடுப்பைப் பற்றியது.

மண் எப்படிக் கல்லாகிறது?

நம் ஊருக்குச் செங்கல் புதிதல்ல. மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில், 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த அகழாய்வில், பல்லவர் கால முருகன் கோயிலுக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று வெளிப்பட்டது. கீழடியிலும் செங்கல் கட்டுமானங்கள் கிடைத்தன. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவரைக் கோயில் அமைத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லவேண்டி வந்தது என்றால், அதற்கு முன் எல்லாரும் அவற்றைக் கொண்டுதான் கோயில் கட்டினார்கள் என்று பொருள்!

களிமண்ணை அச்சில் அறுத்து வெயிலில் காயவைத்தால் கிடைப்பது பச்சைக் கல். மழை பெய்தால் மீண்டும் சேறு. அதைச் சூளையில் வைத்துச் சூடேற்றினால், முதலில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிறது. சுமார் 500, 600 டிகிரியில் களிமண்ணின் அணுக்கட்டமைப்புக்குள் பிணைந்திருந்த நீரும் போய்விடுகிறது. இனி அது ஒருபோதும் சேறாகாது. 900 டிகிரியைத் தாண்டும்போது மண்ணின் ஒரு பகுதி இளகி, மற்றத் துகள்களைப் பசை போல ஒட்டுகிறது. மண்ணில் உள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது. சூடு குறைந்தால் வேகாத கல், கையில் உதிரும். கூடினால் உருகிக் கோணல்மாணலாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு லட்சம் கற்களையும் ஒரே மாதிரி நிறுத்துவதுதான் சூளைக்காரரின் வித்தை.

நாட்டுச் சூளை

பழைய முறை எளிமையானது. பச்சைக் கற்களை நடுவில் சுரங்கம் விட்டு மலை போல அடுக்குவார்கள். வெளியே மண் பூசுவார்கள். சுரங்கத்தில் விறகு வைத்துப் பல நாள் எரிப்பார்கள். பிறகு ஆறவிட்டுப் பிரிப்பார்கள். இதற்குச் சிமெண்ட் வேண்டாம், இரும்பு வேண்டாம், பெரிய முதலீடு வேண்டாம். நிலமும் மண்ணும் விறகும் ஆட்களும் இருந்தால் போதும். தமிழ்நாட்டின் கிராமங்களில் இன்றும் இது தொடர்வதற்குக் காரணம் அதுதான்.

இதில் உள்ள குறை என்ன? ஒவ்வொரு முறையும் மொத்தக் குவியலையும் சூடாக்கி, அந்தச் சூடு அத்தனையையும் காற்றில் விட்டுவிடுகிறோம். ஒரு தோசைக்காகக் கல்லைக் காயவைத்து, ஊற்றி எடுத்து, அடுப்பை அணைத்து, கல்லை ஆறவிட்டு, அடுத்த தோசைக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவது போல. வெளிப்புறக் கல் வேகாது. சுரங்கத்தை ஒட்டிய கல் உருகிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைக்கு நல்ல செங்கல் ஏராளமாகத் தேவைப்பட்டது. சிஷோம் வடிவமைத்த செனட் ஹவுஸ் 1870-களில் எழுந்தது. உயர் நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. இந்தச் சிவப்புக் கட்டடங்கள் நல்ல கல் இல்லாமல் நின்றிருக்காது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய கலைப்பள்ளி (இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரி) ஓவியத்தோடு நிற்காமல் மட்பாண்டம், ஓடு, கட்டட வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது. ஆனால் சூளையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் ஐரோப்பாவிலிருந்து வந்தது.

நெருப்பு நடக்கத் தொடங்கியது

1858-ல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர் ஒரு சூளைக்குக் காப்புரிமை பெற்றார். வட்டமாக ஒரு சுரங்கம். நடுவில் ஒரே புகைபோக்கி. சுரங்கத்தைப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் நெருப்பு எரிகிறது. அதற்குப் பின்னால் ஏற்கெனவே வெந்த கற்கள் ஆறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே வரும் காற்று அந்தக் கற்களின் வழியாக நுழைந்து, அவற்றை ஆறவைத்து, தான் சூடாகி நெருப்பை அடைகிறது. நெருப்பிலிருந்து கிளம்பும் சூடான புகை நேரே வெளியே போகாமல், முன்னால் காத்திருக்கும் பச்சைக் கற்களின் வழியே போய், அவற்றைக் காயவைத்துச் சூடேற்றிவிட்டு, பிறகுதான் புகைபோக்கியை அடைகிறது. ஓர் அறை வெந்ததும் நெருப்பை அடுத்த அறைக்கு நகர்த்துகிறார்கள். ஒரு பக்கம் கல் இறக்குவார்கள், இன்னொரு பக்கம் அடுக்குவார்கள். நெருப்பு அணைவதே இல்லை.

கல் அசையாது, நெருப்பு நடக்கும். வீணான சூடு இரண்டு முறை பயன்படும். இந்த யோசனைதான் நவீன சூளையின் அடிப்படை.

ஆனால் ஹாஃப்மன் சூளைக்கு வளைவுக் கூரையோடு கூடிய நிரந்தரக் கட்டடம் வேண்டும். செலவு அதிகம். 1876-ல் டபிள்யூ. புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இந்தியாவில் அதை மலிவாக்கினார். கூரையே வேண்டாம் என்றார். தரையில் நீள்வட்டமாக ஒரு பள்ளம். அதில் பச்சைக் கல்லை அடுக்கி, மேலே கல்லும் சாம்பலும் பரப்பினால் அதுவே கூரை. சாம்பல் மூடியில் உள்ள துளைகள் வழியே நிலக்கரியைப் போட வேண்டும். இரும்புத் தகட்டில் செய்த புகைபோக்கியை நெருப்போடு சேர்த்து ஆட்களே இழுத்து நகர்த்த வேண்டும். 'புல் டிரெஞ்ச்' எனப்படும் இந்தச் சூளை இந்தியத் துணைக்கண்டம் முழுக்கப் பரவியது. சென்னைக் கட்டுமானத் தொழிலில் 'நாட்டுக்கல்', 'சேம்பர் கல்' என்று பிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கலாம். குவியலில் வெந்தது நாட்டுக்கல். இப்படித் தொடர்ந்து எரியும் சூளையில் வெந்தது சேம்பர் கல்.

புகை யாருக்கு?

புல் சூளை எரிபொருளை மிச்சப்படுத்தியது. புகையைக் குறைக்கவில்லை. நகரும் புகைபோக்கி உயரமாக இருக்க முடியாது. அதனால் கரும்புகை தரையோடு தரையாகப் பரவியது. 1996-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நகரும் புகைபோக்கிகளைக் கைவிடச் சொல்லி விதி கொண்டுவந்தது. காலக்கெடு தள்ளித் தள்ளிப் போனாலும், கடைசியில் சூளைகளின் நடுவே நிலையான, சுமார் நூறு அடி உயரப் புகைபோக்கிகள் எழுந்தன. திருவள்ளூர் பக்கம் ரயிலில் போனால் வயல்களுக்கு நடுவே தனித்து நிற்கும் அந்தத் தூண்களைப் பார்க்கலாம். உண்மையில் அப்போது புகை குறைந்ததைவிட, உயரே போனது என்பதுதான் சரி.

புகையையே குறைத்தது அடுத்த மாற்றம்: 'ஜிக்ஜாக்' சூளை. இதில் கட்டடம் பெரிதாக மாறவில்லை. கல்லை அடுக்கும் விதம்தான் மாறியது. காற்று நேர்கோட்டில் போகாமல், பாம்பு போல வளைந்து வளைந்து போகும்படி கற்களை அடுக்குகிறார்கள். பாதை நீளமாகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று சுழன்று கரியோடு நன்றாகக் கலக்கிறது. கரி முழுதாக எரிகிறது. சூடும் கல்லுக்கு நன்றாக ஏறுகிறது. இந்த யோசனையும் ஐரோப்பாவில் பழையதுதான். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் மின்விசிறி வைத்து இழுக்கும் சூளையாக இதை இந்தியாவுக்கு ஏற்றபடி வடிவமைத்தது. ஆனால் கிராமத்தில் மின்சாரம் நம்பமுடியாததாக இருந்தது. பெரிய அளவில் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய சூளையில் நெருப்பாள் பெரிய கரண்டியில் நிலக்கரியை மொத்தமாக அள்ளிப் போட்டுவிட்டு, சிறிது நேரம் ஓய்வெடுப்பார். போட்டவுடன் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். காரணம், அவ்வளவு கரிக்கும் அந்த நேரத்தில் போதிய காற்று இல்லை. ஜிக்ஜாக் முறையில் சின்னக் கரண்டியால், கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் போட வேண்டும். புகைபோக்கியிலிருந்து வெளுத்த புகைதான் வரும். அதாவது முன்னேற்றத்தில் பாதி இயந்திரத்தில் இல்லை, கரண்டியின் அளவில் இருக்கிறது!

ஒரு சின்னக் கணக்கு

2012-ல் இந்தியச் சூளைகளில் எடுத்த அளவீடுகளின்படி, ஒரு கிலோ கல்லை வேகவைக்கத் தேவைப்படும் ஆற்றல் (மெகாஜூலில்) ஏறக்குறைய இப்படி:

எரித்து ஆறவிட்டுத் திறக்கும் சூளை - 2.9
நிலையான புகைபோக்கி கொண்ட புல் சூளை - 1.2
ஜிக்ஜாக் - 1.1
செங்குத்துச் சூளை - 0.95

ஒரு கல் 3 கிலோ என்று வையுங்கள். ஒரு லட்சம் கல் 300 டன். ஒரு கிலோ நிலக்கரி 20 மெகாஜூல் தரும் என்று கொண்டால், முதல் வகைக்கு 43 டன்னுக்கு மேல் கரி வேண்டும். புல் சூளைக்கு 18 டன். ஜிக்ஜாக்குக்கு 16.5 டன். செங்குத்துச் சூளைக்கு 14 டன் சொச்சம்.

புல் சூளையிலிருந்து ஜிக்ஜாக்குக்கு மாறினால் லட்சத்துக்கு ஒன்றரை டன்தானே மிச்சம் என்று தோன்றலாம். ஆண்டுக்கு 40 லட்சம் கல் சுடும் சூளைக்கு அது 60 டன். அதைவிடப் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. புல் சூளையில் நூற்றுக்கு சுமார் 60 கல் முதல் தரமாக வந்தால், நன்றாக நடத்தப்படும் ஜிக்ஜாக்கில் 80 வரை வருகிறது. இரண்டாம் தரக் கல்லின் விலை குறைவு. ஆகவே சூளை முதலாளி மாறுவதற்குச் சுற்றுச்சூழல் உபதேசம் தேவையில்லை. கணக்குப் புத்தகமே போதும்.

அப்படியானால் ஆகக் குறைந்த கரி கேட்கும் செங்குத்துச் சூளை ஏன் ஊரெங்கும் இல்லை? அது 1950-களில் சீனாவில் பிறந்தது. இந்தியாவில் 1996-ல் மத்தியப் பிரதேசத்தின் ததியாவில் முதலில் கட்டப்பட்டது. அதில் நெருப்பு நடுவில் நிற்கும். கற்கள் மேலிருந்து மெல்லக் கீழே இறங்கி, வெந்து வெளியே வரும். ஹாஃப்மனுக்கு நேர் எதிர். ஆனால் கல்லை மேலே ஏற்ற வேண்டும். மேலுள்ள கற்களின் பாரத்தைத் தாங்கப் பச்சைக் கல் திடமாக இருக்க வேண்டும். சீக்கிரம் வெந்து சீக்கிரம் ஆறுவதால் எல்லா மண்ணும் ஒத்துவருவதில்லை, விரிசல் விடுகிறது. சந்தையில் எதிர்பார்க்கும் சிவப்பும் எப்போதும் கிடைப்பதில்லை. கரியில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடுகிறது.

2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு அறிவிப்பு, சூளைகள் ஜிக்ஜாக் அல்லது செங்குத்து முறைக்கு மாற வேண்டும், அல்லது குழாய் எரிவாயுவைப் பயன்படுத்த வேண்டும் என்றது. புல் சூளையின் ஒன்றரை நூற்றாண்டுக் கதைக்கு அது எழுதிய முடிவுரை.

அடுப்பு மாறியது, ஆள்?

இத்தனை வடிவங்களிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பச்சைக் கல்லைத் தலையில் சுமப்பவரும், வெந்த கல்லைச் சூடு ஆறுமுன் வெளியே எடுப்பவரும் மனிதர்கள்தான். சென்னையைச் சுற்றியுள்ள சூளைகளில் இருளர் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து வருபவர்களும் ஏராளம். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் தொடங்கும் பருவம் முழுக்க உழைத்து அதைக் கழிப்பார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதற்கு 35 ஆண்டுகள் கழித்து, 2011-ல், திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரே சூளையிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஒரு கிலோ கல்லுக்கு எத்தனை மெகாஜூல் என்று அளந்தவர்கள் உண்டு. ஒரு கல்லுக்குள் எத்தனை மணி நேரம் உழைப்பு இருக்கிறது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

மண்ணும் அப்படித்தான். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அங்கே பிரச்சினை புகை மட்டுமல்ல. அனுமதி இல்லாமல் தோண்டிய செம்மண் பள்ளங்களும்தான். எவ்வளவு நல்ல அடுப்பானாலும், தோண்டிய மேல்மண்ணைத் திருப்பித் தராது. சூடே தேவைப்படாத சாம்பல் கல் பக்கம் இன்று கட்டுநர்கள் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தச் சாம்பலும் அனல்மின் நிலையத்தில் கரி எரித்து வந்ததுதான் என்பதை மறக்கக்கூடாது.

ஹாஃப்மனின் சூளை ஒரு கேள்விக்குப் பதில்: வெளியே போகும் சூட்டை எப்படி வீணாக்காமல் இருப்பது? ஜிக்ஜாக்கும் அதே கேள்விக்கு இன்னும் நல்ல பதில். சுமக்கும் முதுகைப் பற்றிய கேள்வியை அதே அக்கறையோடு இன்னும் யாரும் கேட்கவில்லை. அடுத்த முறை பஸ்ஸில் "சூளைமேடு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கும்போது, அந்தப் பெயருக்குள் இன்னும் ஆறாத சூடு கொஞ்சம் இருப்பது நினைவுக்கு வந்தால் நல்லது.