ஒன்பது ரன் தோல்வி

இங்கிலாந்தின் கௌண்டி கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப் புகுந்த நாம், ஒரே நாளில் முடிவு காணும் பந்தயங்களின் காலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். 1963-இல் ஜில்லெட் கோப்பை என்று ஆரம்பமாகி, ஆதரிக்கும் கம்பெனி மாறுந்தோறும் நாமமும் மாறி, 2002-இல் செல்ட்டன்ஹாம் அண்டு குளோஸ்டர் டிராபி என்று வழங்கிய போட்டியின் நான்காம் சுற்றில், அவ்வாண்டு ஜூன் 19-ஆம் தேதி புதன்கிழமை, லண்டன் ஓவல் மைதானத்தில் சர்ரே அணியும், கௌண்டிகளின் வரிசையில் வேல்ஸ் தேசத்தின் ஏகப் பிரதிநிதியான கிளமார்கன் அணியும் பொருதிய ஆட்டமே இவ்வார விஷயம்.

முதலில் ஆடிய சர்ரேயின் துவக்க ஆட்டக்காரர் அலிஸ்டர் பிரவுன், ஒரு பக்கத்து எல்லைக்கோடு கிட்டத்தில் இருந்த அநுகூலத்தைச் சிறிதும் வீணாக்காமல், 160 பந்துகளில் 30 பவுண்டரிகளும் 12 சிக்ஸர்களும் விளாசி 268 ரன்கள் குவித்தார். அவற்றுள் 192 ரன்கள் ஓடாமலே வந்தவை. தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக் 1974-75 பருவத்தில் எடுத்து, அதுகாறும் அசைக்க முடியாதிருந்த 222 ரன் சாதனை அன்று சரிந்தது. உடன் ஆடிய இயான் வார்ட் 97 ரன்கள் சேர்க்க, 50 ஓவர்களில் 5 விக்கெட் இழப்புக்கு 438 ரன்கள் என்று பலகையில் எழுந்தது. 1990-இல் டெவன் அணிக்கு எதிராகச் சோமர்செட், அறுபது ஓவர்கள் ஆடி எடுத்த 413 ரன்களே அதற்கு முந்தைய உச்சம்.

இருபது ஓவர் கிரிக்கெட் கௌண்டி அரங்கில் அவதரிப்பதற்கு இன்னும் ஓராண்டு இருந்த அக்காலத்தில், ஓவருக்கு எட்டே முக்கால் ரன் வீதம் ஐம்பது ஓவர்களும் எடுத்தாக வேண்டும் என்பது, ஆட்டத்தைக் கௌரவமாக முடித்துக்கொண்டு வீடு திரும்புவதற்குப் போதிய காரணமாகவே எந்த அணிக்கும் தோன்றியிருக்கும். கிளமார்கன் அப்படி நினைக்கவில்லை. இங்கிலாந்துக்காகச் சுழற்பந்து வீசியவரென்றே உலகம் அறிந்திருந்த ராபர்ட் கிராஃப்ட், துவக்க ஆட்டக்காரராக இறங்கி, புதிய பந்தின் மீது சிறிதும் மரியாதை காட்டாமல் 69 பந்துகளில் 119 ரன்கள் அடித்தார். டேவிட் ஹெம்ப் 88 பந்துகளில் 102 எடுத்தார். விக்கெட்டுகள் சரியச் சரிய, வேகப்பந்து வீச்சாளர் டேரன் தாமஸ் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆட்டமிழக்காமல் 71 எடுத்தார்.

இவர்களைத் தடுத்து நிறுத்தியவர் ஆடம் ஹோலியோக். அவ்வாண்டு மார்ச் மாதம், உடன் ஆடிவந்த தம்பி பென், இருபத்துநான்கே வயதில், பெர்த் நகரில் கார் விபத்துக்குப் பலியாக, அந்தச் சோகத்தால் பருவத்தின் முற்பகுதியில் ஆடாதிருந்து திரும்பிய அவர், ரன்கள் வெள்ளமாய்ப் பெருகிய அன்று 77 ரன்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்தார். கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில், ஒரு பந்து மீதமிருக்க, 429 ரன்களோடு கிளமார்கனின் ஆட்டம் முடிந்தது. பழைய உச்சமான 413-ஐத் தோற்றவர்களும் தாண்டியிருந்தார்கள் என்பதே இந்தத் தோல்வியின் விசித்திரம்.

இரு அணிகளும் சேர்ந்து எடுத்த 867 ரன்கள் என்ற சாதனை, 2006 மார்ச் 12-ஆம் தேதி, ஜோஹானஸ்பர்க்கில் ஆஸ்திரேலியாவின் 434 ரன்களைத் தென்னாப்பிரிக்கா துரத்தி, ஒரே ஒரு பந்து மீதமிருக்க ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தபோது மறைந்தது. பிரவுனின் 268 இருபதாண்டு நிலைத்து, 2022 நவம்பரில், தமிழ்நாட்டின் நாராயண் ஜெகதீசன் பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன்கள் எடுத்த அன்று பின்தள்ளப்பட்டது. ஆயினும், நானூற்றுக்கு மேற்பட்ட இலக்கையும் கடைசி ஓவர் வரை துரத்த முடியும் என்பதை ஜோஹானஸ்பர்க்குக்கு நான்காண்டு முன்பே மெய்ப்பித்துக் காட்டியவர்கள் கிளமார்கன் ஆட்டக்காரர்களே. கோப்பைப் பட்டியலில் இடம் பெறாத அந்தப் பெருமை, சரித்திரத்தில் அவர்களையே சாரும்.