தம்பானூரிலிருந்து பாளையம் வரை

நகரின் ஓரத்தோடு நின்றுவிட்டிருந்த ரயில் 1931-ல் தம்பானூர் வரை வந்தது. ஏழு ஆண்டு கழித்து, 1938 பிப்ரவரியில், திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நாகர்கோவில் தடம் அவற்றின் முதல் தடங்களில் ஒன்று. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த பையன்களுக்கு அந்தப் பேருந்துதான் கதி, ஏனென்றால் நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல். தம்பானூர்ப் பக்கம் இறங்கி ஓவர்பிரிட்ஜ், புளிமூடு, ஸ்டாச்சூ என்று நடந்தால் பல்கலைக்கழகக் கல்லூரி வரும். இன்னும் கொஞ்சம் நடந்தால் பாளையம், அங்கே பொது நூலகம். எல்லாம் நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

படிக்கப் புத்தகம் கொடுப்பதென்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. சுவாதித் திருநாள் காலத்தில், 1829-ல், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கடோகனின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது அந்த நூலகம். இங்கிலாந்திலேயே பொது நூலகச் சட்டம் 1850-ல்தான் வந்தது என்பதைத் திருவனந்தபுரத்துக்காரர்கள் வாய்ப்பு கிடைத்தால் சொல்லிக்காட்டாமல் விடமாட்டார்கள். 1898-ல் அது அரசின் கைக்கு வந்தது. விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக எழுப்பிய கட்டடத்துக்கு 1900-ல் மாறியது.

ஆக, புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. வேண்டியது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் விடை சொன்னது மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை. அட்டையின் கீழ்நடுவில் ஒரு துளை, அதன் வழியே இழுப்பறையின் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பி. யாரும் அட்டையை உருவிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அந்த ஏற்பாடு. ஒரு புத்தகத்துக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என்று குறைந்தது மூன்று அட்டை தட்டச்சு செய்து, அகரவரிசை பிசகாமல் செருக வேண்டும். இடம் மாறிச் செருகிய அட்டையின் புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். இந்த வேலையைச் செய்தவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகத் தெரியவில்லை. நூலகத்துக்கு நிலம் கொடுத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், அட்டை எழுதியவர் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கும்.

இந்தியாவில் இந்த வேலையை ஒரு துறையாகவே ஆக்கியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் அவர் நூலாக வெளியிட்ட, நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மற்ற நான்கையும் மேடையில் பேசலாம். நான்காவதை மேசையில் உட்கார்ந்துதான் செய்ய முடியும்.

கேரளத்தில் நூலகம் என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் பி.என். பணிக்கர். 1945 செப்டம்பர் 14 அன்று அம்பலப்புழையில் 47 கிராம நூலகங்களைக் கூட்டி அவர் தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், மாநிலம் பிறந்த பிறகு கேரள கிரந்தசாலை சங்கமாகி, ஆயிரக்கணக்கான நூலகங்களாகப் பரந்தது. 1975-ல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது அதற்குக் கிடைத்தது. பணிக்கர் புகழ் பெற்ற அளவுக்கு கே.எம். கோவி பெறவில்லை. மலையாளத்தில் அச்சான நூல்களையெல்லாம் ஆதி முதல் தேடித் தொகுத்து, பாகம் பாகமாக ‘மலையாள கிரந்தசூசி’ என்ற பட்டியலைச் செய்தவர் அவர். ஊர்தோறும் நூலகம் வைத்த மாநிலத்துக்கு, என்னென்ன நூல் இருக்கிறது என்று சொன்ன மனிதரும் அதே அளவு வேண்டியவர்தானே!

பட்டியலிட வேண்டிய நூல்களும் பெருகின. 1968-ல் மத்திய அரசு, தாய்மொழியில் கல்லூரிப் பாடநூல் எழுத மாநிலத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று ஒதுக்கியது. அந்த ஆண்டே திருவனந்தபுரத்தில் கேரள பாஷா இன்ஸ்டிடியூட் தோன்றியது. தமிழ்நாட்டில் பாடநூல் நிறுவனம் பௌதிகம், வேதியியல், வரலாறு, உளவியல் என்று நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களைக் கொண்டுவந்தது. அவற்றில் பெரும்பகுதி இன்று மின்னுருவாகி இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பக்கத்தைப் படமாக எடுத்துவைத்தால் மட்டும் போதாது. படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடுபொறிக்கு எளிதில் பிடிபடாது. ஆசிரியர், ஆண்டு, துறை, அத்தியாயத் தலைப்பு என்று யாராவது தட்டச்சு செய்து வைத்தால்தான் நூல் கண்ணில் படும். பழைய அட்டை வேலைதான், பித்தளைக் கம்பி மட்டும் இல்லை.

இணையம் வந்தபோது திருவனந்தபுரம் மறுபடியும் முந்திக்கொண்டது. அச்சுக்கோப்புக்கான டெக் மென்பொருளின் இந்தியப் பயனர் குழு 1998-ல் இங்கேதான் தொடங்கியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் இந்த ஊரில்தான். அதே 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக அறிவித்தது. 2003-ல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து விரிவுரைகளை இணையத்தில் வைக்கும் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. டெக் குழுவில் முன்னின்ற சி.வி. ராதாகிருஷ்ணன் பிற்பாடு நிறுவிய சாயாஹ்ன அறக்கட்டளை, மலையாள நூல்களைப் பகிரும் உரிமத்தோடு வெளியிடுகிறது. மாணவர் கையில் இருப்பது கணினியல்ல, கைப்பேசி என்று உணர்ந்து, அந்தத் திரை அளவுக்கே தனிப் பிடிஎஃப் அமைத்துக் கொடுத்தது அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

பொருள் பெருகியதும் பழைய தலைவலி திரும்பியது. இணையப் பாடங்களுக்கு என்பிடெல் ஒரு பக்கம், சுவயம் ஒரு பக்கம், இ-பிஜி பாடசாலை ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் ஒரே வாசலாக ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கியதுதான் இந்திய தேசிய மின்னூலகம். நூல்களை அது தன்னிடம் குவித்துக்கொள்வதில்லை. 160-க்கும் மேற்பட்ட களஞ்சியங்களிலிருந்து விவரக் குறிப்புகளை மட்டும் திரட்டி, 1.7 கோடி உருப்படிகளுக்கு வழிகாட்டியபடி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்குத் தேர்ந்த நாள் 2018 ஜூன் 19. பணிக்கர் மறைந்த நாள் அது. கேரளம் அதை வாசிப்பு நாளாகக் கொண்டாடத் தொடங்கி, பிறகு அது தேசிய வாசிப்பு நாளும் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு, தேர்வுக்கு முந்தைய வாரம் பொறியியல் மாணவர் மின்னூலகத்துக்குப் போவதில்லை. டெலிகிராம் குழுவுக்கோ தனியார் நோட்ஸ் தளத்துக்கோதான் போகிறார். இதைச் சோம்பல் என்று பேராசிரியர்கள் சலித்துக்கொள்வது நியாயமில்லை. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2019-ன் ‘ஸ்கீம்’ என்கிற பாடத்திட்டத்தில், நேரியல் இயற்கணிதமும் நுண்கணிதமும் சேர்ந்த முதலாண்டுத் தாளை மாணவர்கள் ‘எம்ஏடி 101’ என்றே அறிந்திருந்தார்கள். தேடுவதும் இப்படிக் குறியீட்டை வைத்துத்தான், அதிலும் ‘மூன்றாம் மாட்யூல்’ என்று. மின்னூலகமோ பொருள்வகையாக அடுக்கியிருக்கிறது, என்பிடெல்லோ பேராசிரியர் வகுத்த விரிவுரை வரிசையில் இருக்கிறது. இரண்டிலும் அந்தப் பாடம் உண்டு, அந்தப் பெயர் இல்லை. நோட்ஸ் தளங்களில் இருக்கும் சரக்கு பல சமயம் மட்டமானது, ஆனால் ஸ்கீம், செமஸ்டர், பிராஞ்ச், தாள், மாட்யூல் என்று பாடத்திட்டம் போகிற வழியிலேயே அவை அடுக்கிவைத்திருக்கின்றன.

என்பிடெல்லின் எந்த விரிவுரை எந்த மாட்யூலுக்குப் பொருந்தும் என்று ஒரு பட்டியல் போடுவது பெரிய வித்தையல்ல. கல்லூரி நூலகரும் பாட ஆசிரியரும் ஒரு விடுமுறைக் காலம் உட்கார்ந்தால் ஒரு தாளுக்கு முடித்துவிடலாம். முடித்து மூச்சுவிடுவதற்குள் ஸ்கீம் மாறும். அந்தப் பல்கலைக்கழகத்தில் 2015, 2019, 2024 என்று மூன்று ஸ்கீம்கள் வந்தாகிவிட்டன. ஒவ்வொன்றோடும் தாள்களின் குறியீடுகள் மாறுகின்றன, மாட்யூல்கள் கலைந்து சேர்கின்றன. பழைய பட்டியலை எடுத்து வரிக்கு வரி சரிபார்த்துத் திருத்த ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு மானிய விண்ணப்பங்களில் தலைப்பு இருப்பதில்லை. படம்பிடிக்க, மின்னுருவாக்க, சர்வர் வாங்கப் பணம் ஒதுக்குவார்கள். பட்டியலைப் பராமரிக்க என்று ஒரு வரி எழுதினால், நிதிக்குழு முதலில் அடிப்பது அந்த வரியைத்தான்.