மீத்திறன் மாணவர் தெரிவு: செங்கமும் ஜவ்வாது மலையும்

மீத்திறன் மாணவர் தெரிவு என்பது, தன் வயதுப் பிள்ளைகளைவிட விரைவாகவோ ஆழமாகவோ கற்கும் மாணவரைக் கல்வி நிர்வாகம் கண்டறிந்து, அவருக்கென உதவித்தொகையோ தனிப் பாடமோ தனிப் பள்ளியோ வழங்கும் நடைமுறை. அமெரிக்காவில் இந்த வேலையைப் பள்ளி மாவட்டங்கள் செய்கின்றன. தமிழ்நாட்டிலும் கல்வி மாவட்டம் என்ற அலகு உண்டு. ஆனால் தெரிவு அதன் கையில் இல்லை. தேர்வை நடத்துவது சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். விதிகளில் பாதி தில்லியில் எழுதப்பட்டவை. கீழே, யார் தேர்வு எழுதுவது என்பதை முடிவு செய்பவர்கள் வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும்தான். திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம், அதற்கு வடக்கே எழும் ஜவ்வாது மலை ஆகிய இரண்டையும் வைத்து இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் அதன் பலமும் ஓட்டையும் ஒருசேரத் தெரியும்.

'மீத்திறன்' என்ற சொல் ஆசிரியர் பயிற்சியில் 'மெல்லக் கற்போர்' என்பதோடு சோடியாக வழங்குவது. பாடத்திட்டக் குறிப்பேட்டில் இரண்டுக்கும் இடம் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பதென்னவோ தேர்ச்சி விழுக்காட்டைத்தான். அதனால் மாலை வகுப்பும் கூடுதல் கவனமும் மெல்லக் கற்போருக்குப் போய்விடுகின்றன. அது தவறென்று சொல்ல முடியாது. கணக்கை முதலில் முடித்துவிட்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பள்ளி வைத்திருப்பது ஒரே ஒரு கதவு: திறனறித் தேர்வு.

ஊரும் மலையும்

செங்கம் செய்யாற்றங்கரை ஊர். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூரு போகும் சாலையில் இருக்கிறது. மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தவர் அல்லர்; தமிழ் பேசும் மலைக்குடிகள். மலைக்கு நிர்வாகத் தலைமையிடம் ஜமுனாமரத்தூர்.

சங்க காலத்தில் செங்கண்மா என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊரை நன்னன் ஆண்டான். பெருங்கௌசிகனார் அவன்மேல் பாடியதுதான் மலைபடுகடாம். அது ஓர் ஆற்றுப்படை: பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், இனிப் பெறப்போகிறவனுக்கு வழி சொல்வது. எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே தங்குவது என்று முன்னே போனவன் சொன்னால்தான் பின்னே வருபவன் அரண்மனை வாசலை அடைவான். இன்று கல்வித்துறை 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லை மாணவர் ஆலோசனைக்குப் பயன்படுத்துகிறது. இந்த வட்டாரத்தில் அது பழைய பொருளிலும் செல்லும். போன ஆண்டு எழுதித் தேறிய அக்கா இருக்கும் தெருவில் அடுத்த ஆண்டு இரண்டு பேர் விண்ணப்பிப்பார்கள். அப்படியோர் அக்கா இல்லாத குக்கிராமத்தில் ஆசிரியர்தான் கூத்தன்.

எட்டாம் வகுப்புத் தேர்வு

அரசுப் பள்ளி மாணவருக்கு முதல் பெரிய சல்லடை, எட்டாம் வகுப்பில் வரும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. யாரும் அப்படி முழுப்பெயர் சொல்வதில்லை, என்.எம்.எம்.எஸ். என்றால்தான் தெரியும். மத்திய அரசு 2008இல் கொண்டுவந்த திட்டம் இது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர். தமிழ்நாட்டின் பங்கு 6,695. தேறியவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 12,000 கிடைக்கும். 2017க்கு முன் இது மாதம் 500 ஆக இருந்தது.

எழுத வேண்டுமென்றால் அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு சலுகை.

தாள் இரண்டு. மனத்திறன் தேர்வில் 90 வினா, 90 நிமிடம். படிப்பறிவுத் தேர்விலும் அதே 90, அதே 90; அதில் அறிவியலுக்கு 35, சமூக அறிவியலுக்கு 35, கணக்குக்கு 20. இரண்டாவது தாள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்துக்குள்ளேயே நிற்கிறது. முதல் தாள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. 3, 8, 15, 24 என்று ஒரு வரிசை தந்து அடுத்தது என்ன என்று கேட்கும் வகை. வித்தியாசம் 5, 7, 9 என்று போவதைப் பார்ப்பவன் 11 கூட்டி 35 என்பான். 2இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு, 3இன் வர்க்கத்தில் ஒன்று குறைவு என்று பார்ப்பவனும் 35க்கே வருவான். முதலாமவன் கெட்டிக்காரன், இரண்டாமவன் ஒரு படி மேல் என்று ஆசிரியருக்குத் தெரியும். விடைத்தாளில் இருவரும் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்புவது ஒரே வட்டம்.

ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். இந்த வேகம் பிறவியில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. சனிக்கிழமைகளில் பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்கும் ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து வரிசையாகப் பெயர் வரும். அப்படி ஒருவர் மாறுதலாகிப் போனால் வரிசை நின்றுபோகும். திறனை அளக்கும் தாள், பயிற்சியையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

தேறிய பிறகும் நிபந்தனை உண்டு. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் தொகை தொடரும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 55. ஒரு பாடத்தில் மட்டும் சிகரம் தொடும் பிள்ளைக்கு இந்த நிபந்தனை ஆகாது. தமிழ்நாட்டில் இதற்குப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் ஆங்கிலத்தில் தவறி, அந்தத் தொகையை இழந்தார். அவர் பெயரைத் தாங்கிய 4130ஆம் எண் சிறுகோளை 1988இல் வானியலாளர் ராஜமோகன் கண்டுபிடித்தது இதே ஜவ்வாது மலைத்தொடரிலுள்ள காவலூர் வானாய்வகத்தில்.

விடுதி விதி

மலையைப் பொறுத்தவரை மிக முக்கியமான வரி, திட்ட விதிகளில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒன்று. மாநில அரசு நிறுவனங்கள் உணவும் தங்குமிடமும் கல்வியும் சேர்த்துத் தரும் உறைவிடப் பள்ளிகளின் மாணவர்கள் இந்தத் தொகைக்குத் தகுதியற்றவர்கள். கேந்திரிய வித்யாலயாவும் நவோதயாவும் அதே பட்டியலில் உள்ளன. அரசு ஏற்கெனவே செலவு செய்கிறது, இன்னொரு முறை எதற்கு என்பது விதி எழுதியவர்களின் கணக்கு.

சமவெளியில் அது சரியாக இருக்கலாம். ஜவ்வாது மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. நடந்துபோய்ப் படிக்கும் தொலைவில் பள்ளி இல்லாததால்தான் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளே ஏற்பட்டன. விதியை எழுத்துப்படி வாசித்தால், வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக முடிந்த செங்கத்துப் பிள்ளைக்குத் தொகை உண்டு, போக முடியாத மலைப் பிள்ளைக்கு இல்லை. விடுதிச் சோறு நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய்க்கு ஈடு என்று யாரும் கணக்குப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

மாநில இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 6,695இல் அது ஏறத்தாழ 67 இடம். நீலகிரி முதல் கொல்லிமலை வரை, கல்வராயன் முதல் ஜவ்வாது வரை அத்தனை மலைகளுக்கும் சேர்த்து.

இதன்மேல் காகிதச் சுமை. மற்ற வகுப்பினர் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்ளும் சாதிச் சான்றைப் பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம். தேறிய பின் தேசியப் படிப்புதவித் தளத்தில் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிப்பு, ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸிலும் ஒரே பெயர். 'சின்னப்பையன்' ஒன்றில் 'சின்னபையன்' ஆகிவிட்டால் திருத்தும்வரை பணம் நிற்கும். கூலி வேலையைவிட்டு மலையிறங்கி வரும் தகப்பனுக்கு அது ஒரு நாள் சம்பளமும் பேருந்துக் கட்டணமும்.

ஊரகத் தேர்வு

மாவட்டத்தை உண்மையாகவே அலகாகக் கொண்ட தேர்வு ஒன்றுதான்: ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு, பேச்சுவழக்கில் 'டிரஸ்ட்'. 1991ஆம் ஆண்டு அரசாணையின் கீழ் நடப்பது. ஒவ்வொரு வருவாய் மாவட்டத்திலும் 50 மாணவர், 50 மாணவியர். ஆகவே திருவண்ணாமலைப் பிள்ளை திருவண்ணாமலைப் பிள்ளைகளோடு மட்டுமே போட்டியிடும். சென்னையும் கோவையும் குறுக்கே வரா. சரிபாதி பெண்களுக்கு என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய முடிவு. இந்த இரண்டு காரணங்களுக்காகவே, வடிவத்தில் இதுதான் இருப்பவற்றில் நியாயமான தேர்வு.

தொகைதான் சிரிப்பு வரவழைக்கும்: ஆண்டுக்கு 1,000 ரூபாய். என்.எம்.எம்.எஸ். மாதத்துக்குத் தருவதை இது ஆண்டுக்குத் தருகிறது. வருமான வரம்பும் 1,00,000 ரூபாயிலேயே நிற்கிறது. இன்னொரு விதி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி மாணவர் எழுதக் கூடாது என்பது. செங்கம் நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த ஊர். இப்படிப்பட்ட ஊர் நகராட்சியாகத் தரம் உயர்ந்தால் மறுநாளே அங்குள்ள பள்ளிகள் இந்தத் தேர்வின் எல்லைக்கு வெளியே போய்விடும். பலகை மாறும், ஏரிக்கரைத் தெருவிலிருந்து அதே பையன் அதே மிதிவண்டியில் வருவான்.

மேல்வகுப்பில்

பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு 2022இல் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வந்தது: 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டு, பாதி இடம் அரசுப் பள்ளிக்கு. 2023இல் அரசுப் பள்ளி மாணவருக்கென முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு: 500 மாணவர், 500 மாணவியர், ஆண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடியும்வரை. பிந்தையது நீண்ட கால உதவி என்பதால் மதிப்பு அதிகம்.

1963இல் தில்லியில் 10 பேரோடு தொடங்கி நாடு முழுவதும் பரவிய தேசியத் திறனறித் தேர்வு 2021க்குப் பின் நடக்கவில்லை.

பணத்துக்குப் பதில் பள்ளியே தரும் வழிகளும் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றென மாநில அரசு நடத்தும் மாதிரிப் பள்ளிகள் ஒருபுறம்; மலையில் அத்திப்பட்டிலுள்ள ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி மறுபுறம். ஏகலைவாவில் ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். மற்ற மாநிலங்களில் ஊரகப் பிள்ளைகளுக்கு நவோதயா செய்யும் வேலையை இவை ஓரளவு செய்கின்றன. மொழிக்கொள்கை காரணமாகத் தமிழ்நாடு நவோதயாவை ஏற்கவில்லை.

பிற இடங்களில்

இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், தமிழ் சிங்களம் என்று மொழிக்கு மொழி வேறுபடும். டிரஸ்ட் தேர்வின் மாவட்டப் பங்கீட்டுக்கு அது பெரியப்பா மகன். சிங்கப்பூர் 1984 முதல் தொடக்கநிலை மூன்றில் எல்லோருக்கும் தேர்வு வைத்து மேல் 1 விழுக்காட்டினரைத் தனி வகுப்பில் சேர்த்துவந்தது. அந்த முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் தன் மீத்திறன் மாணவரைத் தானே கண்டு வளர்க்கும் என 2024இல் அறிவித்தது.

செங்கத்துக்கு மிக நெருக்கமான பாடம் தொலைவிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் பிரவார்டு என்ற பெரிய பள்ளி மாவட்டம், 2005 வரை ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த பிள்ளைகளையே சோதித்தது. பிறகு இரண்டாம் வகுப்பிலுள்ள எல்லோருக்கும் சொற்கள் அதிகமில்லாத, படவடிவச் சோதனை ஒன்றை வைத்தது. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினத்தவர், இசுப்பானிய மரபினர், பெண்கள் என அதுவரை பட்டியலுக்கு வராதவர்கள் கணிசமாக உள்ளே வந்தார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். நிதி நெருக்கடியில் அந்தச் சோதனையை நிறுத்தியதும் பழைய இடைவெளி திரும்பிவிட்டது. பிள்ளைகளிடம் குறை இருக்கவில்லை, கூப்பிட ஆள் இல்லை.

சோதனையும் தெய்வவாக்கு அல்ல. 1921இல் அறிவுத்திறன் ஈவை வைத்து மேதைப் பிள்ளைகளைத் தேடிய அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் தன் சல்லடையில் நழுவவிட்ட சிறுவர்களுள் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும், பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

தமிழ்நாட்டின் ஏற்பாட்டில் விண்ணப்பித்தவர் மட்டுமே சல்லடைக்கு வருகிறார்கள். தேறியவருக்கும் தொகை உண்டு, பாடம் கிடையாது. திங்கட்கிழமை அதே வகுப்பில், அதே பெஞ்சில், முடித்த கணக்கை மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத்துக்குக் கட்டணம் 50 ரூபாய், டிரஸ்டுக்கு 10. பல ஊர்களில் அதை ஆசிரியரே தன் கையிலிருந்து கட்டிவிடுகிறார்.