இளமைக்கால இன்னல்களும் நோய் எதிர்ப்பு மண்டலமும்

குழந்தைப் பருவத்தில் நேரும் அடி உதை, பாலியல் கொடுமை, கவனிப்பாரின்மை, பெற்றோர் இழப்பு, கடும் வறுமை முதலியவை இளமைக்கால இன்னல்கள் எனப்படும். இவற்றால் காயப்படுவது மனம் மட்டுமன்று. வளரும் பருவத்து நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போக்கும் மாறுகிறது.

இயங்குமுறை

அச்சம் எழும்போது மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி வழியாக அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கே சுரக்கும் கார்டிசால் அழற்சியை அடக்கும் தன்மை கொண்டது. நெருக்கடி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வெள்ளையணுக்கள் கார்டிசாலுக்குக் கட்டுப்படுவது குறையும். அதனால் காயமோ கிருமியோ இல்லாதபோதும் உடலில் மெல்லிய அழற்சி தொடர்கிறது. இதயநோய், இரண்டாம் வகை நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவற்றோடு இத்தகைய அழற்சிக்குத் தொடர்பு உண்டு. மறுபுறம், வைரஸ்களைக் கட்டுக்குள் வைக்கும் திறனும் தளரக்கூடும்.

ஆய்வுகள்

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரின் வாழ்வைப் பின்தொடரும் ஆய்வு இத்துறையில் முதன்மையானது. முதல் 10 வயதுக்குள் கொடுமைக்கு ஆளானோரிடம், 32 வயதிலும் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் மிகுந்திருந்ததாக 2007இல் இதன் முடிவுகள் வெளியாயின.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு, காப்பகங்களில் வளர்ந்து பின்னர் தத்தெடுக்கப்பட்ட பதின்வயதினரை ஆராய்ந்தது. நல்ல குடும்பங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிறகும், அவர்களது உமிழ்நீரில் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் கூடுதலாக இருந்தன. உடலில் பதுங்கியிருக்கும் அந்த வைரஸை எதிர்ப்பு மண்டலம் முழுமையாக அடக்கவில்லை என்பதன் அடையாளம் அது.

மீட்சி

இம்மாற்றங்கள் குழுக்களிடையே காணப்படும் சராசரிப் போக்குகள். இன்னலுற்ற ஒவ்வொரு குழந்தையும் நோயாளியாகும் என்று இவற்றுக்குப் பொருளில்லை. இப்போக்கைத் தணிக்கவும் கூடும்: அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறங்களில், வறிய கறுப்பினக் குடும்பங்களின் 11 வயதுப் பிள்ளைகளும் அன்னையரும் 7 வாரப் பயிற்சி பெற்றனர். அன்போடு கூடிய கண்டிப்பும் மனம்விட்டுப் பேசுவதும் அதில் கற்பிக்கப்பட்டன. 19 வயதில் அப்பிள்ளைகளின் குருதியைச் சோதித்தபோது, பயிற்சி பெறாதோரைவிட அழற்சி குறைவாக இருந்தது. தாயின் வளர்ப்பு முறை மேம்பட்ட வீடுகளில் இப்பயன் மிகுதியாகத் தெரிந்தது. சத்துணவையும் தடுப்பூசியையும் போலவே, அச்சமற்ற வீடும் ஒரு குழந்தையின் உடல்நலத்துக்கு இன்றியமையாதது.