தகுந்த வேலை எது?

கடைச்சல் இயந்திரத்தில் நின்று இரும்பை நுட்பமாகக் கடையும் தொழிலாளி ஒருவன் வேலையிழக்கின்றான். அத்தொழிலைக் கற்பதற்காக அவன் தன் இளமையில் பல ஆண்டுகளைக் குறைந்த கூலிக்குப் பயிலுநனாகக் கழித்தவன். அவனை நோக்கி, மண் வெட்டும் வேலை ஒன்று இருக்கின்றது, அதனை ஏற்காவிடின் உதவிப் பணம் நிறுத்தப்படும் என்று அரசாங்க அலுவலர் கூறுவாராயின் அது நீதியாகுமா? தன் தொழிலிலேயே இடம் கிடைக்கும்வரை அவன் காத்திருக்க, எத்தனை மாதமாயினும் பொதுப்பணத்திலிருந்து உதவி வழங்குவதுதான் முறையாகுமா? பிரித்தானியாவின் வேலையின்மைக் காப்புறுதி, தோன்றிய நாள் தொட்டு இவ்விரு வினாக்களுக்குமிடையே ஊசலாடி வந்திருக்கின்றது.

இவ்வினாவுக்கு முதலில் விடை கண்டோர் தொழிலாளரே. 1851 ஆம் ஆண்டில் உருவான பொறித்தொழிலாளர் ஐக்கிய சங்கத்தைப் போன்ற கைவினைஞர் சங்கங்கள், உறுப்பினரின் சந்தாப் பணத்திலிருந்து வேலையிழந்தோர்க்கு வாராந்தம் உதவி வழங்கின. பசியைத் தணிப்பது மட்டும் அவ்வுதவியின் நோக்கமன்று. பசியினால் துரத்தப்பட்ட ஒருவன் எந்தக் கூலிக்கும் இசைவான். அவன் இசைந்தால் ஏனையோரின் கூலியும் சரியும். ஆகவே உறுப்பினன் ஒருவன் தாழ்ந்த கூலியை மறுத்து நிற்பதற்கு வலுவளித்ததே அப்பணம். தகுந்த வேலை எது என்று தீர்ப்பளித்தவர்களும் அதே தொழிலை அறிந்த சக கைவினைஞர்களே.

சங்கத்தின் ஆதரவில்லாதோர்க்கு எஞ்சியிருந்தது 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டமாகும். அச்சட்டத்தின்கீழ் உதவி கோரியோர் கல்லுடைத்தும் பழைய கயிற்றைப் பிரித்தும் தம் தேவையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1886 ஆம் ஆண்டில் ஜோசப் சேம்பர்லேன் வெளியிட்ட சுற்றறிக்கை, வறியோர் என்னும் இழிவு சாராத பொதுவேலைகளை ஊராட்சி மன்றங்கள் ஏற்படுத்த வேண்டுமெனக் கூறியது. நோக்கம் நல்லதே. ஆயினும் முன்னைய தொழில் எதுவாயினும் யாவரும் செய்யக்கூடிய வேலையே அதிற் கருதப்பட்டமையால், தேர்ந்த கைகளுக்கும் மண்வெட்டியே கிடைத்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தோருள் வின்ஸ்டன் சேர்ச்சிலும் வில்லியம் பெவரிட்ஜும் முதன்மையானோர். வேலையின்மை தனிமனிதனின் சோம்பலால் விளைவதன்று, கைத்தொழிலின் ஒழுங்கின்மையால் விளைவது என்பது 1909 இல் வெளிவந்த பெவரிட்ஜின் நூலின் சாரமாகும். 1910 பெப்ரவரி 1 ஆம் நாள் முதலாவது அரசாங்கத் தொழில் நிலையங்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தேசிய காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. கட்டடம், கப்பல் கட்டுதல், பொறித்தொழில், இரும்பு வார்ப்பு முதலிய சில தொழில்களைச் சேர்ந்த ஏறக்குறைய 22½ இலட்சம் தொழிலாளரை அது தழுவியது. தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் தலைக்கு 2½ பென்ஸ் செலுத்தினர்; அரசாங்கமும் தன் பங்கைச் சேர்த்தது. 1913 சனவரி முதல், வேலையிழந்தோர் ஆண்டொன்றில் 15 வாரங்கள் வரை வாரம் 7 சிலிங் பெற்றனர்.

இச்சட்டத்தின் உயிர்நாடி ‘தகுந்த வேலை’ என்னும் சொற்றொடராகும். உழைக்கும் ஆற்றலிருந்தும் தகுந்த வேலை கிட்டாதவனுக்கே உதவி உண்டு. வேலைநிறுத்தத்தால் வெறுமையான இடத்தை ஒருவன் மறுக்கலாம்; தன் ஊரில் தான் வழக்கமாகப் பெற்றதிலும் தாழ்ந்த கூலிக்குரிய வேலையை மறுக்கலாம்; வேற்றூரில், அங்கே உடன்பாட்டால் நிலவும் கூலிக்குக் குறைந்த வேலையையும் மறுக்கலாம். இவற்றால் அவன் உதவியை இழக்கமாட்டான். பிணக்கு எழுந்தால், முதலாளிமார் சார்பில் ஒருவரும் தொழிலாளர் சார்பில் ஒருவரும் தலைவரோடு அமர்ந்த மன்றம் விசாரித்தது. அதற்கும் மேலே நடுவர் ஒருவர் இருந்தார். சங்கங்கள் தம் பணத்தாற் காத்த நெறியை நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

முதலாவது உலகப் போர் முடிந்ததும் அந்நெறிக்குச் சோதனை வந்தது. போர்த்தளவாட ஆலைகளில் உழைத்த பெண்கள் 1918 இன் இறுதியிற் பெருந்தொகையாக விலக்கப்பட்டனர். அவர்களுக்கெனத் தற்காலிக உதவிப் பணம் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் தொழில் நிலையங்கள் அவர்களுள் பலருக்குக் காட்டிய வழி வீட்டுப் பணியும் சலவைச்சாலையுமே. இயந்திரத் தொழில் பழகிய பெண், முன்னையதிலும் குறைந்த கூலிக்கு அடுக்களைக்குச் செல்ல மறுத்தபோது உதவியை இழக்க நேர்ந்தது. வீட்டு வேலைக்காரருள் மிகப் பெரும்பாலோர் காப்புறுதிக்குப் புறம்பானவர்கள். எனவே அவ்வேலையை ஏற்ற பெண், மீண்டும் வேலையிழந்தால் உதவி கோரும் உரிமையையும் இழந்தாள்.

1920 ஆம் ஆண்டின் சட்டம் காப்புறுதியை ஏறத்தாழக் கைத்தொழிலாளர் அனைவருக்கும் விரித்தது. கமத்தொழிலாளரும் வீட்டு வேலைக்காரரும் விலக்கப்பட்டோருள் அடங்குவர். சட்டம் விரிந்த வேளையிலேயே வாணிகம் சுருங்கியது. நிதி வறண்டபோது, உதவி கோருபவன் உண்மையாகவே வேலை தேடுகின்றான் என்பதைத் தானே நிறுவவேண்டும் என்னும் விதி 1921 இற் புகுந்தது. 1924 இல் உதவி கோரிய எல்லோருக்கும் விரிவாக்கப்பட்டது. கப்பற் கட்டும் துறைகள் மூடிக்கிடந்த ஊர்களிலும், நாள்தோறும் வாயில் வாயிலாகச் சென்று இல்லையென்ற விடையைப் பெற்று வந்ததாகத் தொழிலாளி சொல்லவேண்டியதாயிற்று. 1930 வரை ஏறக்குறைய 30 இலட்சம் கோரிக்கைகள் இவ்விதியால் மறுக்கப்பட்டன. வேலை உண்டா என்று ஆராய்வதற்குப் பதிலாக மனிதனின் மனத்தை ஆராயத் தலைப்பட்டமையே இவ்விதியின் பெருங்குறை. காப்புறுதிக் கணக்கோடு ஒழுக்கத் தீர்ப்பைக் கலத்தலாகாது என்று சேர்ச்சில் 1909 இலேயே கூறியிருந்தமை இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

கைவினைஞரின் காத்திருப்பிற்கு 1927 ஆம் ஆண்டின் சட்டம் ஓர் எல்லை வகுத்தது. நியாயமான இடைக்காலம் கழிந்தபின், வழக்கமான தொழிலன்று என்னும் ஒரே காரணத்தால் ஒரு வேலையைத் தகாததென மறுத்தல் இயலாது. எனினும் அவ்வேலையின் கூலி, சங்கங்களின் உடன்பாட்டாலோ நல்ல முதலாளிமாரின் வழக்கத்தாலோ அமைந்த அளவிற் குறைதலாகாது. அக்காலத்தின் அளவு எத்துணையென வாரக் கணக்கில் வரையறுக்கப்படவில்லை. அதே ஆண்டில் ஜேர்மனியில் இயற்றப்பட்ட சட்டமோ அதனை 9 வாரம் என வெளிப்படையாகக் கூறியது. நெசவுக்கும் கடைச்சலுக்கும் வேண்டிய கைப்பழக்கத்தைப் பாரமான வேலை கெடுத்துவிடும் என்று அஞ்சிய தொழிலாளியின் வாதத்தில் உண்மையிருந்தது. நெடுங்காலம் வாளாவிருத்தலும் அதே பழக்கத்தைக் கெடுக்கும் என்ற மறுவாதமும் பொய்யன்று.

உண்மையாக வேலை தேடல் என்னும் விதியை 1930 இல், அமைச்சர் மார்கரெட் பொண்ட்ஃபீல்டின் காலத்துச் சட்டம் நீக்கியது. ஆனால் 1931 நவம்பரில் குடும்ப வருவாய்ச் சோதனை வந்தது. காப்புறுதிக்குரிய வாரங்கள் தீர்ந்த தொழிலாளி உதவி கேட்டால், அவன் மகனின் கூலியும், அவன் சிக்கனமாகச் சேமித்த பணமும் கணக்கிடப்பட்டன. கூடிய கூலி பெற்றுச் சேமித்திருந்த கைவினைஞனையே இச்சோதனை பெரிதும் புண்படுத்தியது. 1936 ஒக்டோபரில் ஜாரோ நகரத்தவர் 200 பேர் இலண்டன் வரை நடந்து சென்றபோது, அவர்கள் வேண்டியது உதவிப் பணமன்று. மூடப்பட்ட கப்பற் துறையின் இடத்தில் வேலையே.

1942 இன் பெவரிட்ஜ் அறிக்கையைத் தொடர்ந்து எழுந்த 1946 ஆம் ஆண்டின் சட்டம், 1948 யூலை 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாயமான இடைக்காலம் என்னும் கோட்பாடு அதிலும் நிலைத்தது. வேலை மலிந்திருந்த அக்காலத்தில் அதனைப் பற்றிய பூசல் தணிந்திருந்தது. வேலையின்மை மீண்டும் பெருகியபின், 1989 ஆம் ஆண்டின் சட்டம், வழக்கமான தொழிலை மட்டுமே தேடுவதற்குரிய காலத்துக்கு 13 வாரம் என உச்ச வரம்பிட்டது. 2022 பெப்ரவரியில், யூனிவேர்சல் கிறெடிற் எனப்படும் திட்டத்தில் அது 4 வாரமாகக் குறைக்கப்பட்டது. இதற்கு மாறாக, சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் 1988 ஆம் ஆண்டின் உடன்படிக்கை, வேலையின் தகுதியை அளக்கும்போது வயது, முன்னைய தொழிலில் கழித்த காலம், பெற்ற அனுபவம், குடும்ப நிலை ஆகியவற்றையும் நோக்கவேண்டும் என்கின்றது.

இவ்வரலாற்றில் ஒரு பாடம் தெளிவாகின்றது. வேலை மலிந்த காலத்திற் சட்டம் தாராளமாயிருக்கின்றது. அப்போது அத்தாராளம் சிலருக்கே தேவைப்படுகின்றது. வேலை அருகிய காலத்தில், காத்திருக்கும் உரிமை மிகுதியாக வேண்டப்படும் வேளையிலேயே, அது சுருக்கப்படுகின்றது. இல்லாத வேலையைத் தேடும்படி வற்புறுத்துவதால் வேலை பிறந்துவிடுவதில்லை. பல ஆண்டுப் பயிற்சியாற் பெற்ற திறமை, அதனை உடையவனுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் முதலாகும். அம்முதலை ஒரு வாரத் தேவைக்காகச் சிதறவிடுவதா, சிறிது காலம் பொறுத்துப் பேணுவதா என்பதே, தகுந்த வேலை எது என்னும் வினாவின் உள்ளே மறைந்திருக்கும் வினாவாகும்.